எக்டோபியா லென்டிஸ்: விழிவில்லை இடப்பிறழ்வு

கண் மருத்துவரின் குறிப்பில் ‘எக்டோபியா லென்டிஸ்’ என்று இருந்தால், விழிவில்லை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று பொருள். ‘எக்’ என்றால் வெளியே, ‘டோபோஸ்’ என்றால் இடம், இரண்டும் கிரேக்கம். ‘லென்டிஸ்’ லத்தீன். அம்மொழியில் ‘லென்ஸ்’ நம் மைசூர்ப் பருப்பின் பெயர். இரு பக்கமும் புடைத்த வடிவத்தால் அப்பெயர் கண்ணாடி வில்லைக்கும் விழிவில்லைக்கும் வந்தது. ஆஸ்திரியக் கண் மருத்துவர் கார்ல் ஸ்டெல்வாக் 1856இல் பிறவி விலகலுக்கு இத்தொடரைச் சூட்டினார்.

தமிழில் ‘லென்ஸ் இடம்பெயர்வு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தோள்மூட்டு நழுவினால் திரும்பப் பொருத்துவதைப்போல, வில்லையையும் தள்ளி உட்கார வைத்துவிடலாம் என்ற எண்ணத்தை அது தருகிறது. கெட்டிருப்பதோ வில்லையைச் சுற்றிலும் இழுத்துப் பிடிக்கும் நுண்ணிழைகள். உடலின் இணைப்புத் திசுவைப் பாதிக்கும் மரபுநோயான மார்ஃபன் நோயில் எஃப்பிஎன்1 மரபணுப் பிழையால் ஃபிப்ரில்லின் புரதம் பழுதுபடுகிறது; அந்த இழைகளே பெரும்பாலும் அப்புரதத்தால் ஆனவை. ஆகவே ‘விழிவில்லை இடப்பிறழ்வு’ என்பேன். சில இழைகள் மிஞ்சியிருந்தால் பகுதி விலகல், எல்லாம் அறுந்திருந்தால் முழு விலகல்.

முதலில் கண்ணாடிதான். வில்லையின் விளிம்பு கண்மணியின் நடுவே வந்து பார்வை கலங்கினாலோ, குழந்தைக்குச் சோம்பேறிக் கண் (பார்வை வளர்ச்சி குன்றுதல்) வரும் என்றாலோ, கண் அழுத்தம் ஏறினாலோ அறுவை சிகிச்சை. மிஞ்சிய இழைகள் போதுமானால் வில்லையின் உறையை மட்டும் தக்கவைத்து, வளையம் பொருத்தி, வெண்படலத்தில் தைத்து நிறுத்துவார்கள். இல்லையேல் வில்லையை உறையோடு அகற்றி, செயற்கை வில்லையைக் கருவிழித்திரையில் கவ்வவிடுவார்கள் அல்லது வெண்படலத்தில் பொருத்துவார்கள். தையலுக்குப் பதில் ரத்தத்தை உறையவைக்கும் புரதத்தாலான ஃபைப்ரின் பசையால் வெண்படலத்தில் ஒட்டும் முறையைச் சென்னையில் அமர் அகர்வால் 2007இல் செய்து காட்டினார். சிறு பிள்ளைகளுக்குச் செயற்கை வில்லை வைக்காமல் கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ தருவதும் உண்டு. மார்ஃபன் கண்ணில் விழித்திரை பிரியும் அபாயம் அதிகம். அறுவைக்குப் பிறகும் கண்காணிப்பு நீளும்.

வில்லை எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதும் துப்புதான். மார்ஃபனில் பெரும்பாலும் மேல்நோக்கி, நெற்றிப்பொட்டுப் பக்கம். ஹோமோசிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் உடலில் மிகுந்துவிடும் மரபுநோயான ஹோமோசிஸ்டினூரியாவில் கீழே, மூக்குப் பக்கம். பின்னதில் ரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால், மயக்க மருந்து கொடுக்கும் முன் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அளவைப் பார்த்துவிடுவார்கள்.