வெளிநாட்டில் கம்பெனி தொடங்கப் போகிறீர்களா? முதலில் வங்கிக்குப் போங்கள்

"துபாயில ஒரு கம்பெனி போடலாம்னு இருக்கேன், அங்க இருக்கிற ஏஜென்ட் ஒரு வாரத்துல முடிச்சுத் தர்றேங்கிறார்." குன்னூரிலும் கோத்தகிரியிலும் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. தேயிலை ஏற்றுமதி செய்பவர், சாக்லேட்டுக்கு வெளியே சந்தை தேடுபவர், வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதும் பிள்ளைகள் எனப் பலரும் கேட்கிறார்கள். ஏஜென்ட் சொல்வது பொய்யில்லை, பதிவு அங்கே சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் இந்தியாவில் குடியிருப்பவர் வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு எடுப்பதற்கு நம் பக்கத்திலும் விதிகள் உண்டு. ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. உங்களுக்கு உண்மையிலேயே வெளிநாட்டுக் கம்பெனி வேண்டுமா? தேயிலையோ நீலகிரித் தைலமோ கொடைக்கானல் மலைப்பூண்டோ வெளியே விற்பதற்கு அது தேவையே இல்லை. வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் (ஐஇசி) எடுத்து, இங்கிருந்தே பில் போடலாம். தேயிலைக்குத் தேயிலை வாரியத்தின் ஏற்றுமதி உரிமமும் வேண்டும். அந்த ஊரிலேயே கடையோ கிடங்கோ வைக்க வேண்டும், அங்கே ஆள் எடுக்க வேண்டும், உள்ளூர் நிறுவனத்தோடுதான் ஒப்பந்தம் போடுவேன் என்று வாடிக்கையாளர் அடம்பிடிக்கிறார் என்றால், அப்போது யோசியுங்கள்.

சரி, வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். இதற்கான விதிகள் ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2022 ஆகஸ்ட் 22 முதல் நடைமுறையில் இருக்கும் வெளிநாட்டு முதலீட்டு விதிகள். பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத வெளிநாட்டுக் கம்பெனியில் நீங்கள் பணம் போட்டு எடுக்கும் பங்கு நேரடி முதலீடாகக் கணக்கில் வரும். ஒரே ஒரு பங்காக இருந்தாலும் அப்படித்தான்.

தனிநபருக்கு உச்சவரம்பு ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர். தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டத்தை எல்ஆர்எஸ் என்று வங்கியில் சொல்வார்களே, அதே வரம்புதான். பிள்ளையின் படிப்புக்கு அனுப்பும் பணமும் இதற்குள்ளேயே அடங்கும். மனைவியின் வரம்பையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். அந்தக் கம்பெனியில் அவரும் பங்குதாரராக இருந்தால்தான் முடியும். பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டு நிறுவனம் ஆகியவற்றுக்கு வரம்பு வேறு: கடைசியாகத் தணிக்கை செய்த கணக்கில் உள்ள நிகர மதிப்பின் (சொத்தில் கடன் போக மிஞ்சுவது) நான்கு மடங்கு வரை. தனி ஆளாகக் கடை நடத்துபவர் தனிநபர் கணக்கில்தான் வருவார்.

இனி சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வெளிநாட்டுக் கம்பெனிக்கு ரிசர்வ் வங்கியிடமிருந்து யூஐஎன் என்ற தனி எண் வாங்க வேண்டும். உங்கள் வங்கியில் ஃபார்ம் எஃப்சி கொடுத்தால், வங்கி வழியாக எண் வரும். பணம் அனுப்புவதற்கு முன்பும் பங்கு உங்கள் பேருக்கு வருவதற்கு முன்பும் இதை வாங்கியாக வேண்டும். இரண்டில் எது முதலில் நடக்குமோ, அதற்கு முன்பு. "நான் இன்னும் பணமே அனுப்பவில்லையே" என்பது செல்லாது. அமெரிக்காவில் உள்ள நண்பர் கம்பெனியைப் பதிவு செய்து, பெயரளவு விலைக்கு உங்களுக்கு நாற்பது சதவீதப் பங்கு எழுதிவிட்டால், ஒரு டாலர்கூடப் போகாமலே விதி மீறப்பட்டிருக்கும்.

மலையில் உள்ள எல்லா வங்கிக் கிளைகளிலும் அந்நியச் செலாவணி வேலை நடப்பதில்லை. உங்கள் கிளையில் கொடுக்கும் காகிதம் கோவைக்கோ மதுரைக்கோ போய்த் திரும்ப வேண்டியிருக்கலாம். அதனால் அங்கே பதிவுத் தேதி குறிக்கும் முன்பே மேனேஜரிடம் பேசிவிடுங்கள். ஒரு கம்பெனி தொடர்பான எல்லாப் பரிமாற்றமும் அறிக்கையும் ஒரே வங்கி வழியாகத்தான் போக வேண்டும்.

தனிநபர் செய்யக்கூடாதவையும் உண்டு. நிலம் வாங்கி விற்கும் தொழிலுக்கும் சூதாட்டத்துக்கும் அனுமதி இல்லை. ஃபைனான்ஸ் கம்பெனி தொடங்க முடியாது. உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள துபாய் கம்பெனி, கென்யாவில் ஒரு துணை நிறுவனம் ஆரம்பிக்க முடியாது. பங்கு முதலீடு தவிர, அந்தக் கம்பெனிக்கு நீங்கள் கடனும் கொடுக்க முடியாது. தங்கும் விடுதி நடத்துவது நிலவியாபாரத்தில் சேராது, அதைத் தாராளமாகச் செய்யலாம்.

பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் டிசிஎஸ் வரியை மறக்காதீர்கள். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் தாண்டியதும், மீதித் தொகைக்கு வங்கி 20 சதவீதம் பிடிக்கும். 25 லட்சம் அனுப்ப நினைத்தால், 15 லட்சத்துக்கு 3 லட்சம். ஆக, கணக்கில் 28 லட்சமும் வங்கிக் கட்டணமும் இருக்க வேண்டும். இந்த 3 லட்சம் வருமான வரியில் கழியும், மிஞ்சினால் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதுவரை கையில் இருக்காது. சிறு தொழில் செய்பவருக்கு அது பெரிய தொகை.

பணம் போன பிறகு பங்குச் சான்றிதழை ஆறு மாதத்துக்குள் வங்கியில் கொடுக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31-க்குள் ஏபிஆர் என்ற ஆண்டறிக்கை. கம்பெனிக்கு வியாபாரமே நடக்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பிரிட்டன் போன்ற நாடுகளில் சிறிய கம்பெனிகளுக்குத் தணிக்கையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் கம்பெனி உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால், தணிக்கை செய்த கணக்கை வைத்துத்தான் ஏபிஆர் கொடுக்க முடியும். அங்கே தேவைப்படாத தணிக்கைக்கு இங்குள்ள விதிக்காகச் செலவு செய்ய வேண்டியிருக்கும். ஏஜென்ட் சொல்லும் பேக்கேஜில் இந்தச் செலவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஏபிஆர் தவறினால் ஓர் அறிக்கைக்கு 7,500 ரூபாய் தாமதக் கட்டணம். அதைச் சரிசெய்யும் வரை அந்தக் கம்பெனிக்கு மேற்கொண்டு பணம் அனுப்பவும் முடியாது.

வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்ஏ அட்டவணையில் இந்தப் பங்கைக் காட்ட வேண்டும். ஐடிஆர் 1, 4 படிவங்கள் இனி உங்களுக்கு ஆகாது. அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்தின் மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டியிருந்து காட்டாமல் விட்டால், 2015-ம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். சம்பாதித்ததை ஒளிக்கும் எண்ணமே இல்லாதவர்கள்கூட இந்த அட்டவணையை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அந்தந்த நாட்டு விதியை அங்குள்ள ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் குறைந்தது ஓர் இயக்குநர் அங்கே வசிப்பவராக இருக்க வேண்டும். அமீரகத்தில் 3,75,000 திர்ஹாமுக்கு மேல் லாபம் வந்தால் பொதுவாக 9 சதவீத நிறுவன வரி உண்டு.

நம் மலைக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. 1964 இந்தியா-இலங்கை (சிறிமா-சாஸ்திரி) ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் குடியேறிய குடும்பங்களுக்கு நுவரெலியாவிலும் ஹட்டனிலும் இன்னும் சொந்தபந்தம் இருக்கிறது. அங்குள்ள மாமாவோ சித்தப்பாவோ இறந்து, கம்பெனிப் பங்கு வாரிசாக உங்களுக்கு வந்தால் அதற்கு அனுமதி உண்டு, டாலர் வரம்பும் குறுக்கே வராது. அவர் உயிரோடு இருக்கும்போதே அன்பளிப்பாகத் தந்தால், வெளிநாட்டிலிருந்து நன்கொடை பெறுவதை ஒழுங்குபடுத்தும் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டமும் சேர்ந்து வரும். இரண்டிலும் பத்திரங்களை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்விடுங்கள்.

பங்கை விற்றுவிட்டு வெளியேற நினைத்தால், முதலீடு செய்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். விற்ற பணத்தை 90 நாளுக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, வந்த 30 நாளுக்குள் வங்கியில் தெரிவிக்க வேண்டும்.