கறுப்பு உதிர்ந்து பொன் தெரியும் மீன்: கலப்பின சிக்லிட் வளர்ப்பின் மரபியல்

ஃபிளவர்ஹார்ன் எனும் கலப்பின அலங்கார மீனின் குஞ்சுகளை முதன்முறை வளர்ப்பவருக்குத் தொடக்க மாதங்கள் ஏமாற்றத்தையே தரும். தொட்டியில் உள்ளவை எல்லாம் சாம்பல் நிறம்; உடலில் மங்கலான கரும்பட்டைகள் மட்டும் தெரியும். பிறகு ஒரு குஞ்சின் உடல் திட்டுத்திட்டாகக் கறுக்கும். சில வாரங்களில் அந்தக் கறுப்பு கரைந்து, அடியிலிருந்து ஆரஞ்சும் சிவப்பும் தலைகாட்டும். அதே தாய்க்கும் தந்தைக்கும் பிறந்து, அதே தொட்டியில் அதே தீனியைத் தின்ற மற்றொரு குஞ்சோ கடைசிவரை சாம்பல் நிறத்திலேயே நின்றுவிடும்.

இந்த நிறமாற்றம் மத்திய அமெரிக்காவின் நிகராகுவா நாட்டு ஏரிகளில் வாழும், சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்த மைடாஸ் சிக்லிட் வழியாக வந்த சொத்து. அம்மீன்கள் அனைத்தும் கருஞ்சாம்பல் நிறத்தில்தான் வளரத் தொடங்குகின்றன; அவற்றுள் சிறுபான்மையானவற்றில் மட்டும் தோலிலுள்ள கருநிறமி செல்கள் அழிந்து, அதுவரை மறைந்திருந்த மஞ்சளும் ஆரஞ்சும் வெளிப்படுகின்றன. இதற்குக் காரணமான மரபணுவை ஆய்வாளர்கள் 2022-இல் அடையாளம் கண்டு ‘கோல்டன்டச்’ என்று பெயரிட்டனர். பொன்னிறம் ஓங்கு பண்பு, அதாவது பொன்னிறம் தரும் மரபணு வடிவம் ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும் பண்பு, என்பதே வளர்ப்பவருக்கு முக்கியமான செய்தி. பெற்றோர் இருவரும் பொன்னிறமாக இருந்தும், இருவரிடமும் அந்த வடிவத்தின் ஒரு பிரதி மட்டுமே இருந்தால், குஞ்சுகளில் ஏறத்தாழ கால் பங்கு நிறம் மாறாமலே நிற்கும். பெற்றோரின் அழகை மட்டும் பார்த்து இணை சேர்ப்பவர்கள் இந்தக் கால் பங்கைக் கண்டு தீனியையும் தண்ணீரையும் குறை சொல்வதுண்டு. குறை இரண்டிலும் இல்லை.

வெவ்வேறு இனங்கள் கலந்து குஞ்சு பொரிப்பது எப்படி இயலுகிறது? விவரிக்கப்பட்ட சிக்லிட் இனங்கள் 1,700-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் நெருங்கிய உறவுடைய பல இனங்களைப் பிரித்து வைத்திருப்பது மரபணுப் பொருத்தமின்மை அன்று, துணையைத் தேர்ந்தெடுக்கும் கண்தான். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் நீர் கலங்கிய இடங்களில் பெண் மீன்களால் தம் இனத்து ஆணின் நிறத்தைப் பிரித்தறிய முடிவதில்லை என்பதையும், இனங்களுக்கிடையிலான வேறுபாடு அங்கு மங்குகிறது என்பதையும் ஓலே சீஹவுசனும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் காட்டினர். அந்த ஏரியின் ஏராளமான இனங்களுக்கு அடித்தளமே தொன்மையான ஒரு கலப்புதான் என்பதும் 2017-இல் வெளியான மரபணு ஆய்வில் தெரியவந்தது. ஆகவே கலப்பு என்பது இயற்கைக்குப் புறம்பானது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஏரியில் பெண் மீன் செய்யும் தேர்வை வீட்டுத் தொட்டியில் நாம் செய்கிறோம். வேறு இணையே இல்லாத இடத்தில் இரு இனங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன.

மலேசியாவில் 1990-களில் ஃபிளவர்ஹார்ன் உருவானது இவ்வாறுதான். அதன் மூதாதையரில் மைடாஸ், முப்புள்ளி சிக்லிட், பிளட் பாரட் ஆகியவை இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் தொடக்ககால வளர்ப்பாளர்கள் கலவையைத் தொழில் ரகசியமாகவே வைத்திருந்தனர். பிளட் பாரட்டும் ஒரு கலப்பினமே என்பதால் இங்கே நடந்தது கலப்பின்மேல் கலப்பு.

இரண்டு தூய இனங்களைச் சேர்த்தால் முதல் சந்ததிக் குஞ்சுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே, இரு பெற்றோருக்கும் இடைப்பட்ட தோற்றத்துடன் இருக்கும். அக்குஞ்சுகளையே தங்களுக்குள் சேர்க்கும்போதுதான் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல் பண்புகள் சிதறி, தாத்தாவின் தலை, பாட்டியின் வால், இருவரிடமும் இல்லாத நிறம் எனப் பலவகை மீன்கள் தோன்றுகின்றன. தேர்வுக்குரிய களம் இந்த இரண்டாம் சந்ததிதான். விரும்பிய பண்புள்ள சிலவற்றை நிறுத்தி, அவற்றைத் தம்முள்ளோ, முந்தைய தலைமுறை மீனுடன் பிற்கலப்பாகவோ சேர்த்து அப்பண்பை நிலைப்படுத்துகிறார்கள்.

தேர்வில் ஏமாற்றுவது, மரபால் வராததும் மரபுபோலத் தோன்றுவதே. சிவப்பும் ஆரஞ்சும் தரும் கரோட்டினாய்டு நிறமிகளை மீனால் தன் உடலில் உருவாக்கிக்கொள்ள முடியாது. அவை தீனியிலிருந்தே வரவேண்டும். அஸ்டாசாந்தின் என்ற கரோட்டினாய்டு செறிந்த தீனி தின்ற சாதாரண மீன், எளிய தீனி தின்ற நல்ல மீனைவிடச் சிவப்பாகத் தெரியும். நெற்றிப் புடைப்பும் இப்படித்தான். மைடாஸ் ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் அது வீங்கி, பின்னர் வற்றும். ஆகையால் வெவ்வேறு தொட்டிகளில் வளர்ந்த மீன்களை ஒப்பிடுவதைவிட, ஒரே ஈட்டில் பிறந்து ஒரே தீனியும் நீரும் பெற்ற உடன்பிறப்புகளை ஒப்பிடுவதே நம்பத்தக்கது.

இணை சேர்ப்பதில் இன்னொரு தடை ஆணின் மலட்டுத்தன்மை. பிளட் பாரட் ஆண்கள் பெரும்பாலும் மலடு. ஃபிளவர்ஹார்னின் சில வகைகளிலும் மலட்டு ஆண்கள் மிகுதி. ஆனாலும் நடத்தையில் குறை எதுவும் தெரியாது. முட்டையிடத் தொட்டியில் வைத்த மண் ஓட்டின் பரப்பைப் பெண் மீன் வாயால் துப்புரவு செய்து, வயிறு உரச வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டிச் செல்ல, ஆண் அதன் பின்னே அதே வரிசையில் நகரும். இரண்டாம் நாளில் அந்த ஓட்டிலுள்ள முட்டைகளைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்: கருவுற்றவை தேன்நிறத்தில் தெளிவாக இருக்க, கருவுறாதவை பாலைப்போல் வெளுத்துப் பூஞ்சை படிந்திருக்கும். அத்தனையும் வெளுத்தால் பெண்ணைக் குறை சொல்லாமல், அதை வேறு ஆணுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். தோற்றத்தில் சற்றுக் குறைந்த, ஆனால் கருவுறச் செய்யும் திறனுள்ள ஆண், வளர்ப்பவருக்குப் பரிசு பெறும் மலட்டு ஆணைவிட மதிப்புள்ளது. ஆண் பெண்ணைத் தாக்கிக் கொன்றுவிடக்கூடும் என்பதால், இரண்டும் பழகும்வரை நடுவில் துளையுள்ள தடுப்பு இருப்பது கட்டாயம்.

சுமார் 28 டிகிரி செல்சியஸில் முட்டைகள் மூன்று நாள் அளவில் பொரியும். மஞ்சட்கருப் பையிலுள்ள சத்து தீர்ந்து குஞ்சுகள் நீந்தத் தொடங்க மேலும் சில நாட்களாகும்; அதன்பின் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா எனும் நுண்ணிய உப்புநீர் உயிரிகளைச் சிறு அளவில் பலமுறை கொடுக்க வேண்டும். தின்னாத தீனி அழுகினால் அம்மோனியா ஏறும். அடிக்கடி நீர் மாற்றுவதற்கு மாற்று இல்லை. பெரிய குஞ்சுகள் சிறியவற்றை விழுங்கும் என்பதால் அளவுவாரியாகப் பிரிப்பதும் தேவை.

தேர்வு எங்கே நிற்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பிளட் பாரட்டின் வாய் முழுமையாக மூடுவதில்லை. தொண்டையிலுள்ள தாடைகளால்தான் அது உணவை நொறுக்குகிறது. முதுகெலும்பு குறுகிய மீன்களையும் அழகென்று பெருக்குகிறார்கள். உண்ணவும் நீந்தவும் தடையாகும் பண்பை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவதை நான் ஏற்கவில்லை. தொடர்ந்து உடன்பிறப்புகளையே சேர்த்தால் இத்தகைய குறைகள் தாமாகவே கூடுவதால், சில தலைமுறைக்கு ஒருமுறை வேறு வழிவந்த மீனைச் சேர்ப்பது நல்லது.

ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் பிறக்கும். நிறுத்தி வைப்பது ஓரிரண்டைத்தான். மிஞ்சியவற்றை ஆற்றிலோ குளத்திலோ விடவே கூடாது. மலேசியா, சிங்கப்பூர் நீர்நிலைகளில் ஃபிளவர்ஹார்ன் ஏற்கெனவே பரவியிருக்கிறது. ஆஸ்திரேலியா அதன் இறக்குமதியையே தடைசெய்துள்ளது. எத்தனை குஞ்சுகளுக்குத் தொட்டியில் இடமும் பிறகு வளர்ப்பவரும் உண்டு என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கு மேற்பட்ட முட்டைகளை ஓட்டில் ஒட்டியிருக்கும்போதே, முதல் நாளில், குழாயால் உறிஞ்சி அகற்றிவிட வேண்டும்.