அமெரிக்கக் குருவி கொர்வோவுக்கு வந்த கதை

அட்லாண்டிக் கடலின் நடுவே, போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுக்கூட்டத்தின் வடமேற்கு மூலையில் கொர்வோ என்றொரு குட்டித் தீவு இருக்கிறது. பரப்பு 17 சதுர கிலோமீட்டர். ஒரே ஒரு ஊர், சுமார் 400 பேர், மாடு மேயும் புல்வெளிகள், அவற்றைப் பிரிக்கும் கல் சுவர்கள், உச்சியில் பழைய எரிமலையின் வாய். கொர்வோ என்றால் போர்த்துகீசிய மொழியில் காகம். ஆனால் அக்டோபரில் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து இங்கே வந்து இறங்குபவர்கள் தேடுவது காகத்தை அல்ல. அமெரிக்காவில் இருக்க வேண்டிய சின்னஞ்சிறு காட்டுக் குருவிகளை.

அமெரிக்கப் பக்கத்தில் மிக அருகிலிருக்கும் கரை கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. அதுவே சுமார் 1,900 கிலோமீட்டர் தொலைவு. இடையில் உட்கார ஒரு கிளைகூடக் கிடையாது. இருபது கிராம்கூட இல்லாத குருவி இதைத் தாண்டி வருவதை வீரசாகசமாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்னவோ இதில் ஆச்சரியம் வேறு இடத்தில் இருப்பதாகப் படுகிறது.

பிளாக்போல் வார்ப்ளர் என்ற அமெரிக்கக் குருவியை எடுத்துக்கொள்வோம். சாதாரண நாளில் அதன் எடை 12 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரை. கோடை முழுவதும் வட அமெரிக்கக் காடுகளில் இருந்துவிட்டு, இலையுதிர் காலத்தில் பூச்சிகளைத் தின்று தின்று உடம்பில் கொழுப்பை ஏற்றிக்கொள்ளும். எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். கொழுப்பு நல்ல எரிபொருள். ஒரு கிராமுக்கு 9 கிலோ கலோரி தருவதோடு, எரியும்போது தன் எடை அளவுக்குத் தண்ணீரையும் உடலுக்குக் கொடுக்கும். இந்தக் குருவிகளின் முதுகில் அரை கிராம் எடையுள்ள, பகல் வெளிச்சத்தைப் பதிவு செய்து, அதை வைத்து இருந்த இடத்தைக் கணிக்க உதவும் கருவியைக் கட்டி அனுப்பினார்கள். மறு ஆண்டு திரும்பி வந்து பிடிபட்ட ஐந்தின் பதிவுகள் 2015இல் வெளியாயின. அவை கரையோரமாகப் போகாமல், திறந்த கடலுக்கு மேலே இரண்டு மூன்று நாள் நிற்காமல் பறந்து கரீபியன் தீவுகளை அடைந்திருந்தன. தூரம் 2,270 முதல் 2,770 கிலோமீட்டர் வரை.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து கொர்வோவுக்கும் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர்தான். ஆக, குருவியிடம் அந்தத் தூரத்துக்கான எரிபொருள் ஏற்கெனவே இருக்கிறது. மாறியது திசை மட்டும்.

திசையை மாற்றுவது காற்று. ஒரு தாழ்வு மண்டலம் அமெரிக்கக் கிழக்குக் கரையைக் கடந்து போனதும், அதன் பின்னால் வடமேற்கிலிருந்து குளிர்ந்த காற்று வீசி வானம் தெளியும். தெற்கே போக இதைவிட நல்ல நேரம் உண்டா? அந்தி சாய்ந்ததும் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடும். சிக்கல் கடல்மேல் காத்திருக்கிறது. சில குருவிகள் முன்னால் போன மண்டலத்தையே எட்டிப்பிடித்துவிடும். சிலவற்றை அடுத்தது வந்து மடக்கும். மண்டலத்தின் முன்பக்கத்தில் காற்று தென்மேற்கிலிருந்து பலமாக அடிக்கும். மழை, மேகம், நட்சத்திரம் தெரியாத இருட்டு. குருவியின் சொந்த வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றும், முதுகில் தள்ளும் காற்று 70 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 110. இருபத்தைந்து மணி நேரத்தில் நோவா ஸ்கோஷியாவிலிருந்து கொர்வோ! கரீபியனுக்குப் போவதைவிடச் சீக்கிரம்.

2005 அக்டோபர் கடைசியில் வில்மா சூறாவளி ஃபுளோரிடாவைத் தாக்கிவிட்டு வடகிழக்கே விரைந்தபோது, சிம்னி உழவாரன் எனும் அமெரிக்கப் பறவைகள் அசோர்ஸிலும் மேற்கு ஐரோப்பாவிலும் வந்து விழுந்ததும் இப்படித்தான்.

இப்படி வருபவற்றில் பெரும்பாலானவை அந்த வருடம் பொரித்த குஞ்சுகள். முதல் வலசையில் அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் 'இந்தத் திசையில் இத்தனை நாள் பற' என்று பிறப்பிலேயே வந்த ஒரு கணக்கு. 1950களில் நெதர்லாந்தில் பிடித்த ஸ்டார்லிங் பறவைகளை ஆயிரக்கணக்கில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். மூத்தவை வழியைத் திருத்திக்கொண்டு வழக்கமான இடத்துக்குப் போயின. குஞ்சுகளோ பழைய திசையிலேயே பறந்து ஸ்பெயின் பக்கம் போய்ச் சேர்ந்தன.

சரி, வந்த குருவி எப்படிக் கண்ணில் படுகிறது? என் ஆச்சரியம் இங்கேதான். மழைத்துளி விழுவதுபோல் கடல்மேல் இறங்கும் பறவைகளில், ஒரு புள்ளி அளவு நிலத்தின்மேல் எத்தனை விழும்? கொர்வோவில் காணும் ஒவ்வொன்றுக்கும் கணக்கில்லாதவை கடலில் மூழ்கியிருக்க வேண்டும். தப்பியதற்கும் தீவில் மறைவிடம் குறைவு. புல்வெளியில் நிற்க முடியாது. ஓடைப் பள்ளங்களில்தான் மரமும் புதரும் இருக்கின்றன. எல்லாம் அங்கே போய் ஒதுங்கும். பறவை பார்ப்பவர்கள் விடிந்ததும் அந்தச் சேற்றுப் பள்ளங்களில் வழுக்கி வழுக்கி இறங்கி, உதட்டைக் குவித்து 'ப்ஷ்... ப்ஷ்...' என்று ஒலி எழுப்புவார்கள். எதிரியைக் கண்ட குருவிகள் போடும் சத்தம்போல இருப்பதால், உள்ளே ஒளிந்திருக்கும் குருவி, என்ன நடக்கிறதென்று அறிய எட்டிப்பார்க்கும். அதிகமாகத் தலைகாட்டுவது சிவப்புக்கண் விரியோ எனும் அமெரிக்கக் குருவி.

பக்கத்துத் தீவான ஃபுளோரஸ் இதைவிட எட்டு மடங்கு பெரியது, மரமும் அதிகம். நியாயமாக அங்கேதான் கூடுதலாக இறங்க வேண்டும். இறங்கவும் செய்யும், ஆனால் காட்டுக்குள் கரைந்துவிடும். கொர்வோவின் புகழில் பாதி அதன் வறுமைக்குச் சேர வேண்டியது.

இதே புயலில் இன்னொரு பறவை குஷியாக இருக்கும். ஊர்க்காரர்கள் ககார்ரு என்று அழைக்கும் பெரிய கடற்பறவை அது. உலகிலுள்ள இதன் இணைகளில் பெரும்பகுதி கூடு வைப்பது அசோர்ஸில்தான். நீர்மட்டத்தை ஒட்டிய காற்று அலைகளில் உரசி மெதுவாகும்; சில மீட்டர் மேலே வேகம் கூடும். ககார்ரு காற்றை எதிர்த்து மேலேறும், திரும்பும், காற்றோடு கீழே சரியும், மறுபடி ஏறும். இந்த வேக வித்தியாசத்திலிருந்தே சக்தியைக் கறந்துகொள்வதால், சிறகை அடிக்காமலே வெகுதூரம் போகும். களைத்தால் கடலிலேயே உட்காரலாம். வழி கண்டுபிடிக்க மூக்கு இருக்கிறது. அசோர்ஸின் ஃபயால் தீவில் கூடு வைத்திருந்தவற்றை 800 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்ட ஆய்வில், பூமியின் காந்தப்புலத்தை உணர முடியாதபடி காந்தம் ஒட்டிய பறவைகள் சிரமமில்லாமல் திரும்பின; வாசனை உணர்வை இழந்தவை கடலில் அலைந்தன.

ஆனால் நிலத்தில் இதன் பாடு பரிதாபம். கால்கள் உடலின் பின்பக்கம் தள்ளி இருப்பதால் நிற்கவே தடுமாறும். அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் குஞ்சுகள் இருட்டியபின் கூட்டைவிட்டு முதன்முதலாகக் கடலுக்குக் கிளம்பும்போது, தெருவிளக்கு கண்ணைக் கூச வைத்துச் சாலையில் விழுந்துவிடும். 1995 முதல் அசோர்ஸில் இதற்கென்றே ஓர் இயக்கம் நடக்கிறது. ராத்திரி விளக்குக் கம்பத்தடியில் கிடக்கும் குஞ்சை ஊர்க்காரர்களும் பிள்ளைகளும் துணியால் போர்த்தித் தூக்கி, காற்று புகும் அட்டைப்பெட்டியில் வைப்பார்கள். மறுநாள் காலை கடலோரத்தில் பெட்டியைத் திறந்து விட்டுவிடுவார்கள்.