தார் பாலையில் கூடாரம்: நிழல் நகரும் கணக்கு

மே, ஜூனில் ஜெய்சல்மேர் பக்கம் தங்கப் போகிறவர்கள் பலரும் மாலையில்தான் போய்ச் சேர்கிறார்கள். அந்நேரம் பாறையின் கிழக்குப் பக்கம் அருமையான நிழல் விழுந்திருக்கும். அங்கேயே கூடாரம் அடித்துவிடுவார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் உள்ளே இருக்க முடியாது, ஏனென்றால் காலை வெயில் முதலில் விழுவது அந்த இடத்தில்தான்.

ஜெய்சல்மேர் ஏறக்குறைய 27 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூனில் அங்கே சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 26 பாகை வடக்கே தள்ளி உதிக்கும், மறைவதும் அப்படியே. அதனால் பாறையின் வடக்குப் பக்கத்திலும் காலை மாலை வெயில் உண்டு. நாட்டின் மேற்கு ஓரம் என்பதால் உச்சிவேளை 12.45 மணி வாக்கில் வரும். அப்போது 3 மீட்டர் பாறைக்கு ஒரு சாண் நிழல்கூட இருக்காது. பாறையின் உயரத்துக்கு நிழல் நீள மாலை நாலாகிவிடும். போதாததற்கு, பகலெல்லாம் காய்ந்த பாறை இரவு வெகுநேரம் அனலை வீசிக்கொண்டே இருக்கும்.

எனவே தேட வேண்டியது மரம், அதிலும் வன்னி. அங்கே அதைக் கேஜ்ரி என்பார்கள். விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கும் அதே வன்னி. மழைக்கு முன்பே, கொடுங்கோடையில் தளிர்விடும் மரம் அது. குளிர்காலத்தில் தீவனத்துக்காகக் கிளை கழிப்பார்கள். நன்றாகத் தழைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 4 மீட்டர் உயரத்தில் கவிந்த கிளையின் நிழல் மாலை நாலு மணிக்கு 4 மீட்டர் கிழக்கே போயிருக்கும். காலை ஒன்பதரைக்கு அதே அளவு மேற்கே. காலையில் தூங்க மேற்கே, மதியம் அடிமரத்தருகே, பிறகு கிழக்கே என்று படுக்கையை நகர்த்த இடம் விடுங்கள்.

மரம் தேடாமல் ஒற்றைத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டால் போதாதா? போதாது. வெயிலில் அது சூடேறி, கீழே இருப்பவர் மேலேயே வெப்பத்தை வீசும். வன்னியின் பொடி இலைகள் சூட்டைக் காற்றுக்குச் சட்டென்று கொடுத்துவிடும். மரமே கிடைக்காவிட்டால் இரண்டு துணிகளை 30 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டுங்கள். இடையில் ஓடும் காற்று மேல்துணியின் சூட்டைக் கொண்டுபோய்விடும். மேற்குப் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டுவது அவசியம். மேற்கிலிருந்து வரும் லூ என்னும் அனல்காற்று 45 பாகை செல்சியஸ் சூட்டில் வீசும்போது வியர்வையை உறிஞ்சி உடம்பை வற்றவைத்துவிடும்.

பாய் விரிக்குமுன் புறங்கையை மணலில் ஐந்து விநாடி வையுங்கள். தாங்க முடியவில்லையா? மேல்மணலை ஒரு சாண் வழித்துத் தள்ளுங்கள், அடியில் சூடு குறைவு. உதிர்ந்த முள்ளையும் அப்போதே பொறுக்கிவிடலாம். ஒட்டகச் சாணம் நிறையக் கிடந்தால் வேறு மரம் பாருங்கள். உண்ணிகள் அங்கேதான் காத்திருக்கும். புதரடியில் சுருட்டை விரியன் பதுங்கும், குச்சியால் தட்டிப் பார்க்காமல் கை நுழைக்காதீர்கள்.

நல்ல மரங்கள் வறண்ட ஓடைகளில் அடர்ந்திருக்கும். மழை தொடங்கும் ஜூலை முதல் அங்கே தங்கவே கூடாது. 2006 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் பார்மேர் அருகே கவாஸ் கிராமம் மூழ்கியது. அடியிலிருந்த ஜிப்சம் படிவம் தண்ணீரை மண்ணுக்குள் இறங்கவிடவில்லை.