கையைத் தூக்கினால் தெரியும் குழி

"மார்பில் கட்டி மாதிரி தட்டுப்பட்டதால் டாக்டரிடம் போனேன். கட்டியைத் தொடுவதற்கு முன்பே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார், அப்புறம் இடுப்பில் வைத்து அழுத்தச் சொன்னார். எதற்கு?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மார்பகப் பரிசோதனையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமே அதுதான்.

முதலில் ஒன்று. மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இளம் வயதில் விரலுக்கு நழுவி ஓடும் நார்க்கட்டி, நாற்பதுகளில் நீர்க்கட்டி, மாதவிடாய்க்கு முன் கனத்து வலித்துப் பிறகு தணிகிற வீக்கம், இதெல்லாம் சகஜம். வலி மட்டும் இருந்து வேறு மாற்றம் எதுவும் இல்லையென்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

சரி, கை விஷயத்துக்கு வருவோம். மார்பகத்தில் கொழுப்பும் பால் சுரப்பிகளும் மட்டும் இல்லை. தோலின் அடியிலிருந்து கிளம்பி, சுரப்பிகளுக்கு நடுவே புகுந்து, நெஞ்சுத் தசையின் மேலுறை வரைக்கும் மெல்லிய நார்ப்பட்டைகள் ஓடுகின்றன. ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1840இல் வெளியிட்ட நூலில் இவற்றை விவரித்தார், அவர் பெயரே இவற்றுக்கு நிலைத்துவிட்டது. புற்றுநோய்க் கட்டி வளரும்போது தன்னைச் சுற்றியுள்ள செல்களையும் தூண்டிவிட்டுக் கொலாஜன் நாரைக் குவிக்க வைக்கிறது. ஆறும் தழும்பு சுருங்குவதுபோலவே அந்த நாரும் சுருங்குகிறது, பக்கத்தில் போகிற கூப்பர் பட்டையையும் இழுத்துக் குட்டையாக்கிவிடுகிறது. மெத்தையில் நூல் கோத்து இறுக்கிய இடம் மட்டும் உள்ளே அமுங்கியிருக்குமே, அதே மாதிரி தோலில் ஒரு குழி. ஆனால் கை தொங்கிக்கொண்டிருக்கும்போது பட்டை தொய்வாக இருப்பதால் குழி பல நேரம் கண்ணில் படாது. கையைத் தூக்கியதும் மார்பகம் முழுக்க மேலே நகர, குட்டையான பட்டை பிடித்துவைத்திருக்கும் அந்த ஒரு புள்ளி மட்டும் கூட வர முடியாமல் பின்தங்கி உள்ளே இழுபடுகிறது. இடுப்பில் கை வைத்து அழுத்தினால் நெஞ்சுத் தசை விறைத்து இதே இழுப்பை இன்னொரு திசையில் காட்டும். பால் நாளங்கள் இழுபட்டால் காம்பு புதிதாக உள்வாங்கும். ஆழத்தில் ஒளிந்திருப்பதைக் கருவி எதுவும் இல்லாமல் வெறும் கண்ணுக்குக் கொண்டுவருகிற இந்த வித்தை எனக்கு எப்போதும் வியப்புதான். பழைய அறுவைத் தழும்பாலும் குழி விழலாம், அதனால் குழியை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

அப்புறம் டாக்டர் மார்பை விரலால் தடவி, அக்குளையும் பார்ப்பார். காம்பின் ஒரே துளையிலிருந்து தானாகக் கசியும் ரத்தம், ஒரு பக்கக் காம்பில் மட்டும் ஆறாத படை போன்ற புண், இவற்றையும் கேட்பார். அடுத்தது படம். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாகவும் கட்டி வெள்ளையாகவும் தெரியும், ஆனால் சுரப்பித் திசுவும் வெள்ளைதான், இளம் வயதில் அதுவே நிறைய. அதனால்தான் நாற்பதுக்குக் கீழ் பெரும்பாலும் முதலில் அல்ட்ராசவுண்ட். அதிலும் சந்தேகம் என்றால் ஊசி வைத்துத் துணுக்கு எடுத்துப் பயாப்ஸி.

"ஊசி குத்தினால் பரவிவிடும்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. அதை நம்பி மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து, ஏனென்றால் எந்த வகைப் புற்று, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்வதே அந்தத் துணுக்குதான்.

கை, படம், ஊசி மூன்றும் ஒத்துப்போக வேண்டும். செல்கள் வரிசையாக ஊர்ந்து பரவி, திரளாமலே வளரும் ஒரு வகைப் புற்றை மேமோகிராம் சில சமயம் தவறவிடும். படத்தில் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் தடிப்பு அங்கேயே இருந்தால், திரும்பப் போய்க் கேளுங்கள்.