செம்புள்ளி ஏற்றம் (ரெட்பாயிண்ட்)

பாறையேறுபவர் ஒருவர் "இந்தத் தடத்தை ரெட்பாயிண்ட் பண்ணிட்டேன்" என்றால், கயிற்றை மேலே கொண்டுசெல்லும் முதல் ஆளாக, அடியிலிருந்து முடிவுவரை விழாமல், எங்கும் தொங்கி இளைப்பாறாமல் ஏறிவிட்டார் என்று பொருள். முன்னால் எத்தனை முறை பழகிப் பார்த்திருந்தாலும் பரவாயில்லை.

‘ரோட்புங்க்ட்’ என்ற ஜெர்மன் சொல்லின் ஆங்கில வடிவம்தான் ரெட்பாயிண்ட். ஜெர்மன் மொழியில் ‘ரோட்’ சிவப்பு, ‘புங்க்ட்’ புள்ளி. அந்தப் புள்ளியை வைத்தவர் குர்ட் ஆல்பெர்ட். 1954-ல் நியூரம்பெர்க்கில் பிறந்தவர், கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். 1973-ல் கிழக்கு ஜெர்மனியின் எல்பே ஆற்றங்கரை மணற்பாறைகளுக்குப் போனார். அங்கே கயிறும், பாறையில் அடித்த ஆணியும், ஏறுபவர் விழுந்தால் காப்பாற்ற மட்டும்தான். பிடித்து ஏற அல்ல. அவருடைய ஊர்ப்பக்கம் ஃப்ராங்கன்யூரா பாறைகளிலோ, கடினமான இடம் வந்தால் ஆணியைப் பற்றி இழுத்து மேலே போவதுதான் வழக்கம்.

1975-ல் ஆல்பெர்ட் சிவப்புச் சாயத்தைக் கையில் எடுத்தார். எந்த ஆணியைப் பிடிக்காமல் கடக்க முடிந்ததோ, அதில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. காவலுக்குக் கயிற்றை அதில் மாட்டலாம். கை, கால் படக்கூடாது. இப்படி எல்லா ஆணிகளையும் கடந்து முழுத் தடமும் கைகூடிவிட்டால், பாறையின் அடியில் நிறைவான சிவப்புப் புள்ளி. அடுத்து வருபவருக்கு வேறு விளக்கமே வேண்டாம். இருந்த ஆணியைப் பிடுங்காமல், யாரையும் தடுக்காமல் ஒரு ஒழுக்கத்தைப் பரப்பிய அந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்புறம் இதே முறையைப் பெரும் மலைகளுக்கும் கொண்டுபோனார். 1988-ல் வொல்ஃப்காங் க்யூலிஹ் முதலியோருடன், பாகிஸ்தானில் 6,000 மீட்டருக்கு மேல் நிற்கும் டிராங்கோ மலைக்கூட்டத்தின் ‘பெயரிலாக் கோபுரம்’ (நேம்லெஸ் டவர்) என்ற சிகரத்தில் ஸ்லோவேனியர் தடத்தை இப்படி ஏறினார். 2010-ல் கம்பிவடம் பொருத்திய ஒரு மலைப்பாதையில் விழுந்து, 56 வயதில் இறந்தார்.

சரி, தமிழில்? ‘செம்புள்ளி ஏற்றம்’ என்பதே பொருத்தம். ‘செம்மை’ நமக்குச் சிவப்பும்தான், குறையின்மையும்தான். ஜெர்மன் சொல்லில் இல்லாத பொருத்தம் இது. ஆணியையோ கயிற்றையோ பிடித்து ஏறாத இந்த முறையின் பொதுப்பெயரான ‘ஃப்ரீ கிளைம்பிங்’கைச் சிலர் ‘கயிறில்லா ஏற்றம்’ என்று எழுதுகிறார்கள். அது தவறு. கயிறு உண்டு, அதன் பலத்தில் ஏறுவதில்லை, அவ்வளவுதான். அதற்கு ‘தன்பல ஏற்றம்’ என்று சொல்லலாம். கயிறே இல்லாமல் தனியே ஏறும் ‘ஃப்ரீ சோலோ’வுக்குத்தான் ‘கயிறில்லாத் தனியேற்றம்’ பொருந்தும்.