சவுண்டு கூடுனது நல்லாருக்குன்னு காது சொல்லும், உடனே நம்பிராதீங்க

துபாயில வேலை பாத்த எங்க பெரிய மாமா 1980கள் கடைசியில லீவுக்கு வந்தப்ப ஒரு சிடி பிளேயரும் அஞ்சாறு சிடியும் கொண்டு வந்தாரு, தக்கலையில எங்க தெருவுக்கே அது அன்னைக்கு அதிசயம். அதுல ஒண்ணு பிங்க் ஃப்ளாய்டுங்கிற இங்கிலாந்து ராக் குழுவோட 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பம், ஜப்பான்ல அடிச்சது. இப்ப அது என் கையில இருக்கு. அது போக ஆல்பத்தோட 20ஆம் வருசத்துக்கு 1993ல வந்த பதிப்பு ஒண்ணு, 30ஆம் வருசத்துக்கு 2003ல வந்தது ஒண்ணு, ரெண்டையும் நான் பின்னால தேடிப் பிடிச்சு வாங்குனேன். மூணுலயும் அதே பாட்டு, அதே வரிசை, 1972லயும் 73 தொடக்கத்துலயும் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவுல ஆலன் பார்சன்ஸ் இன்ஜினியரா இருந்து பதிவு பண்ணுன அதே ரெக்கார்டிங். ஆனா போட்டுக் கேட்டா மூணும் மூணு மாதிரி இருக்கும். அது ஏன்னு எனக்கு முழுசா பிடிபடுறதுக்கு ரொம்ப நாளாச்சு.

முதல்ல டிஸ்க்க பத்தி சொல்லிருதேன். ஜப்பான்ல அடிச்சா சவுண்டு நல்லாருக்கும், தங்கம் பூசுன டிஸ்க்னா இன்னும் நல்லாருக்கும்னு நெறைய பேரு நம்புறாங்க. சிடியில இருக்கது வெறும் எண்கள். செகண்டுக்கு 44,100 தடவை, இடது வலதுன்னு ரெண்டு பக்கத்துக்கும், அந்தந்தக் கணத்துல சத்தத்தோட அலை எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு ஒரு எண்ணா எழுதி வைக்காங்க, ஒவ்வொரு எண்ணும் 65,536 படியில ஏதோ ஒரு படி. அந்த எண்கள் எல்லாம் 1.6 மைக்ரான் இடைவெளி விட்டு சுத்திச் சுத்திப் போற ஒரே தடத்துல சின்னச் சின்னக் குழியா கிடக்கு, 74 நிமிசம் நெறஞ்ச சிடியில அந்தத் தடத்த பிரிச்சு நீட்டுனா 5 கிலோமீட்டருக்கு மேல வரும், நாகர்கோவில்ல இருந்து கிளம்புனா சுசீந்திரத்துக்கு கிட்ட போய் நிக்கலாம். எண்கள வரிசையா எழுதாம கலைச்சுப் போட்டு, கூடவே சரிபாக்குறதுக்கு வேற எண்களும் சேத்து எழுதியிருக்கதுனால, தடத்துல 2 மில்லிமீட்டர் அளவுக்கு கீறல் விழுந்து போனாலும் பிளேயர் கணக்குப் போட்டு அதே எண்ண திரும்ப எடுத்துரும். குத்துமதிப்பா இல்ல, அச்சு அசலா அதே எண்ணு.

அதனால ஒரே மாஸ்டர, அதாவது டிஸ்க் அடிக்கதுக்கு மூலமா வச்சிருக்க கடைசிப் பதிவ, வச்சு ரெண்டு நாட்டுல அடிச்ச சிடி ரெண்டும் ஒண்ணு தான். நம்பலேன்னா ரெண்டையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஒண்ணோட அலைய மட்டும் மேல் கீழா திருப்பிப் போட்டு, ஆரம்பத்த துல்லியமா ஒண்ணு மேல ஒண்ணு பொருத்தி கூட்டிப் பாருங்க, பூஜ்யம் வரும், ஒரு சத்தமும் மிஞ்சாது. என் மூணு சிடியில எந்த ரெண்ட எடுத்து அப்படி செஞ்சாலும் பூஜ்யம் வரல, பாட்டு அரைகுறையா மிச்சம் நின்னுச்சு. அப்ப எண்களே வேற. அந்த எண்கள எழுதுறதுக்கு முன்னாலயே யாரோ ஏதோ மாத்தியிருக்காங்க.

அங்க முதல் விசயம் டேப். மார்த்தாண்டத்துலயோ வடசேரியிலயோ கேசட் கடையில லிஸ்ட் எழுதிக் குடுத்து பாட்டு பதிஞ்சு வாங்குனவங்களுக்கு இது சொல்லாமலே வெளங்கும், கடைக்காரர் கிட்ட இருந்த ஒரிஜினல்ல இருந்து பதிஞ்சா ஒரு மாதிரி, நம்ம கேசட்ட கூட்டுக்காரன் வாங்கி அவன் ஒண்ணு பதிஞ்சா 'ஸ்ஸ்ஸ்'ன்னு இரைச்சல் கூடிரும். ஸ்டுடியோ டேப்பும் அப்படித்தான், முதல் நகல் எடுத்ததுமே இரைச்சலோட சக்தி ஏறத்தாழ ரெண்டு மடங்காகும், 3 டெசிபல் ஏறும். 1982ல சிடி வந்த புதுசுல கம்பெனிகளுக்கு ஒரே அவசரம், பல ஆல்பங்களுக்கு ஒரிஜினல் மாஸ்டர தேடாம, எல்பி தட்டு வெட்டுறதுக்காக தயார் பண்ணி வச்சிருந்த நகல எடுத்து அப்படியே சிடியா அடிச்சுட்டாங்க. எல்பியில ஊசி தடத்த விட்டு துள்ளிரக் கூடாதுன்னு அந்த நகல்ல பேஸையும் ட்ரெபிளையும் கொஞ்சம் அடக்கி வச்சிருப்பாங்க, சிடிக்கு அந்த அடக்கம் தேவையே இல்ல. ரீமாஸ்டர்னு, அதாவது மாஸ்டர புதுசா தயார் பண்ணி, பின்னால வந்ததுல ஒழுங்கா செஞ்சவங்க முதல் டேப்புக்கே திரும்பிப் போனாங்க. 1990கள்ல வந்த இந்த ஆல்பத்தோட ரீமாஸ்டர் டக் சாக்ஸ்ங்கிற மாஸ்டரிங் இன்ஜினியர் செஞ்சது, பிங்க் ஃப்ளாய்டோட இன்ஜினியர் ஜேம்ஸ் கத்ரி கூட நின்னு பாத்தாரு, 2003லயும் அதுக்குப் பிறகு 2011லயும் 2023லயும் கத்ரி தான்.

ரெண்டாவது விசயம் சவுண்டு அளவு, இங்க தான் நான் நல்லா ஏமாந்தேன்.

எங்க ஊர்ப் பக்கம் கோவில் கொடை நேரத்துல பக்கத்து பக்கத்து ஊருல ரெண்டு மைக் செட் ஓடும். இவங்க கொஞ்சம் கூட்டுவாங்க, அவங்க அதுக்கு மேல கூட்டுவாங்க, ராத்திரி பத்து மணிக்கு ரெண்டுமே கிழிஞ்சு கேக்கும். 1990கள்ல இருந்து ரெக்கார்டிங் உலகத்துலயும் அதே போட்டி தான் நடந்துச்சு, அடுத்த பாட்ட விட நம்ம பாட்டு ஓங்கிக் கேக்கணும்னு. ஆனா சிடிக்கு ஒரு கூரை உண்டு, அந்த 65,536 படியில பாதி பூஜ்யத்துக்கு மேல, பாதி கீழ, அதனால எண்ணு 32,767க்கு மேல போகாது. ஒரு பாட்டுல டிரம் அடி விழுற அந்த ஒரு கணம் தான் கூரைய தொடும், மத்த நேரமெல்லாம் கீழ தான் இருக்கும், அப்ப முழுசையும் கூட்டணும்னா அந்த உச்சிய வெட்டணும். நாஞ்சில் நாட்டுல நெல்லு அளக்கத பாத்தவங்களுக்கு தெரியும், மரக்கால்ல குவிச்சு அள்ளி, மேல கோல் வச்சு தலைய தட்டி விடுவாங்க, குவியல் போய் மட்டமாகிரும். லிமிட்டர்னு சொல்லுற கருவி செய்யுறதும் அது தான், டிரம்மோட உச்சி, பியானோவ ஓங்கி அடிக்கும்போது வருற முதல் நொடி, எல்லாத்தையும் தலை தட்டி விட்டுட்டு மிச்சத்த மேல தூக்கும். மெல்லிசா இருந்தது மெல்லிசா இருக்காது, ஓங்கி விழ வேண்டியது ஓங்கி விழாது.

என் 2003 சிடி ரெண்டு அடுக்கு உள்ளது, ஒண்ணு எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) படிக்கதுக்குன்னே உள்ள தனி பிளேயருக்கு, இன்னொண்ணு சாதா பிளேயருக்கு. எஸ்ஏசிடி அடுக்குல உள்ள ஸ்டீரியோவ தாராளமா மூச்சு விட விட்டுட்டு, சாதா சிடி அடுக்குல சவுண்ட கூட்டி வச்சிருக்காங்க. நம்ம வீட்டு பிளேயர் படிக்கது இந்த ரெண்டாவது தான்.

இது எதுவும் தெரியாம மூணையும் மாத்தி மாத்தி போட்டுக் கேட்டேன். 2003 தான் ஒண்ணாம் நம்பர்னு தோணுச்சு, பேஸ் நெறஞ்சு நிக்கி, சிம்பல் மின்னுது. கூட்டுக்காரனும் "எடே, இது கொள்ளாம்டே, மத்தது சப்புன்னு கிடக்கு"ன்னான். காது அப்படி சொல்லுறதுக்கு காரணம் இருக்கு, 1933லயே ஃப்ளெட்சரும் மன்சனும் பெல் லேபரட்டரியில அளந்து காட்டிட்டாங்க, சத்தம் குறைஞ்சா நம்ம காதுக்கு நடு சுதிய விட பேஸ் ரொம்ப வேகமா மங்கிப் போகும், ட்ரெபிளும் கொஞ்சம் மங்கும். அப்ப அதே ரெக்கார்டிங்க ஒரு டெசிபல் கூட்டி வச்சாலே போதும், 'சத்தம் கூடிருக்கு'ன்னு நமக்கு உறைக்காது, 'இது தெளிவா இருக்கு, நெறவா இருக்கு'ன்னு தான் உறைக்கும்.

அதனால ஒப்பிடுறதுக்கு முன்னால அளவ சமம் பண்ணணும். நான் செஞ்சது இப்படி: மூணு சிடியவும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஆடாசிட்டிங்கிற சவுண்டு எடிட்டிங் சாஃப்ட்வேர்ல திறந்து, ஒரே பாட்டுல ஒரே முப்பது செகண்ட மூணுலயும் வெட்டி எடுத்து சராசரி அளவ பாத்தேன், சத்தம் கூடினத குறைச்சு மத்ததுக்கு இறக்குனேன். குறைஞ்சத ஏத்தக் கூடாது, ஏத்துனா உச்சி கூரையில முட்டும். ஸ்க்ரீன்ல அலைய பாத்தாலே வித்தியாசம் தெரிஞ்சுது, ஜப்பான் சிடி தென்னந்தோப்பு மாதிரி உயரமும் பள்ளமுமா இருக்கு, 2003ல உச்சியெல்லாம் வேலி வெட்டி விட்ட மாதிரி மட்டமா நிக்கி.

இதுல ஜப்பான் சிடி எனக்கு இன்னொரு பாடமும் வச்சிருந்துச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்துன ஃபைல் காதக் குத்துற மாதிரி கீச்சுன்னு கேட்டுது, மாமாவோட பழைய பிளேயர்ல போட்டா இதமா இருக்கு. ஒரே டிஸ்க், அதே எண்கள், அப்புறம் எப்படின்னு ரெண்டு நாள் மண்டைய பிச்சேன். அந்தக் காலத்து ஜப்பான் சிடி சிலதுல ப்ரீ எம்ஃபசிஸ்னு ஒண்ணு உண்டு, ட்ரெபிள வேணும்னே தூக்கி எழுதியிருப்பாங்க, 20,000 ஹெர்ட்ஸ் பக்கம் அது ஏறத்தாழ 9.5 டெசிபல் வரும். 'இத தூக்கி வச்சிருக்கோம், நீ இறக்கிக்கோ'ன்னு ஒரு அடையாளமும் டிஸ்க்லயே இருக்கும். பிளேயர் அத பாத்து இறக்கும், இறக்கும்போது கூடவே மேல்சுதி இரைச்சலும் இறங்கும், அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. நான் ஏத்துன சாஃப்ட்வேர் அந்த அடையாளத்த கண்டுக்கல. அந்த அளவ திரும்ப இறக்கி சேவ் பண்ணுன பிறகு தான் ஃபைல் பிளேயர் மாதிரி கேட்டுது. பழைய சிடி வாங்கி கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு 'கீச்சுன்னு இருக்கு, மோசம்'னு தள்ளிராதீங்க, முதல்ல இத பாருங்க.

அளவு சமமான பிறகு ராத்திரி, வெளிய மழை விட்ட பிறகு, ஹெட்போன்ல கேட்டேன். ஆல்பம் இதயத் துடிப்போட தான் தொடங்கும். ஜப்பான் சிடியிலயும் 1993லயும் அது எங்கயோ தூரத்துல இருந்து, மூச்ச பிடிச்சாத்தான் கேக்கும்ங்கிற அளவுல வந்து, கொஞ்சம் கொஞ்சமா கடிகாரச் சத்தம், காசுப்பெட்டி, சிரிப்புன்னு எல்லாம் கூடி, கடைசியில அந்த அலறலோட முதல் கிட்டார் விழும்போது நெஞ்சுல இடிக்கும். 2003ல துடிப்பு முன்னாலயே பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டு இருக்கு, கிட்டார் விழுறப்ப ஏற வேண்டிய உயரம் மிச்சமில்ல. அதே ஏற்றம் தான் இந்த ஆல்பத்தோட உயிருன்னு நான் நெனைக்கேன்.

கூட்டுக்காரன மறுபடி கூப்புட்டு, எது எதுன்னு சொல்லாம, பேப்பர்ல நான் மட்டும் எழுதி வச்சுக்கிட்டு, ஒவ்வொரு ஜோடியையும் பத்து தடவை மாத்தி மாத்தி போட்டு, எது நல்லாருக்குன்னு கேட்டேன். ஜப்பானும் 2003ம் ஜோடியா வந்தப்ப எட்டு தடவை ஜப்பான எடுத்தான். ஜப்பானும் 1993ம் ஜோடியா வந்தப்ப இது அஞ்சு தடவை அது அஞ்சு தடவை, அவனால பிரிக்க முடியல, நேரா சொன்னா எனக்கும் முடியல. போறப்ப அந்த 1993 சிடிய தான் கேட்டு வாங்கிட்டுப் போனான், மாமாவோடத நான் குடுக்கல.